பதினொன்று பத்துக்கு நின்ற மெஷின்

சகல ஊழியர்களும், அவர்களுடைய குடும்பத்தாரும், இனிமேல் பிறக்கப்போகும் சந்ததியினரும் அறிந்துகொள்ள வேண்டியது: தொலைபேசி கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல் மனிதகுலத்தை வாட்டி வதைத்துவந்த மகத்தான கேள்வி ஒன்றுக்கு, வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நம் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், நிரந்தர விடை காணப்படும். அன்று எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில் வரவும்.

இந்த அறிவிப்பு, 'கழிவறையில் பேப்பரை மிச்சம் பிடிக்கவும்' என்ற பழைய அறிவிப்பின் மேல், அதே குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. மேனேஜர் தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, தானே குத்தி, இரண்டடி பின்னால் தள்ளி நின்று தானே ரசித்தார்.

மகத்தான கேள்வி இதுதான்: அடுத்த போனை எப்போது போடுவது?

சிரிக்க வேண்டாம். நாற்பது பேர் நாற்பது நாற்காலியில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து, என்றைக்கோ ஒரு வாட்டர் ஃபில்டர் வாங்கிய பாவத்துக்காக ஜனங்களைக் கூப்பிட்டு, 'வருடாந்திரப் பராமரிப்புத் திட்டம் எடுத்துக்கொள்கிறீர்களா?' என்று கேட்கிற இடம் அது. எண்களை அவர்கள் அழுத்துவதில்லை, மெஷின் அழுத்தும். பத்துப் பேரைக் கூப்பிட்டால் ஆறு பேர் எடுக்க மாட்டார்கள். அதனால் ஒருவர் பேசி முடிக்கப்போகிற சமயம் பார்த்து, அவர் வாயை மூடுவதற்கு முன்பே, இரண்டு மூன்று எண்களுக்குக் கூடுதலாகப் போன் போட்டு வைக்க வேண்டும். அளவுக்கு மீறிப் போட்டால் அத்தனை பேரும் ஒரேயடியாக எடுத்துத் தொலைப்பார்கள். பேச ஆள் இருக்காது. எடுத்தவர் 'ஹலோ, ஹலோ' என்று சூனியத்தோடு பேசிப் பார்த்துவிட்டு, நம் வம்சத்தையே திட்டிவிட்டு வைப்பார். அப்படிப்பட்ட அழைப்புக்கு மூன்றாவது மாடியில் 'அநாதை' என்று பெயர். நூற்றுக்கு மூன்று அநாதைக்கு மேல் போனால் மேலிடத்திலிருந்து ஓலை வரும். குறைத்துப் போட்டாலோ நாற்பது பேரும் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காட்சியைக் கண்டால் மேனேஜருக்கு நெஞ்சு படபடக்கும்.

கூடுதல் எத்தனை, எந்த நொடியில் என்று முடிவு செய்கிறவர் பெயர் திருகு சார். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. பழைய டயலர் பெட்டியில் அடுப்புக் குமிழ் மாதிரி ஒரு திருகு இருந்தது. அதை வலது பக்கம் திருப்பினால் போன்கள் பாயும், இடது பக்கம் திருப்பினால் அடங்கும். பெட்டி போய்க் கம்ப்யூட்டர் வந்தது, திருகு போய்த் திரையில் ஒரு கோடு வந்தது. பெயர் மட்டும் போகவில்லை.

அவருக்கென்று ஹாலின் கோடியில் ஒரு கண்ணாடி அறை. ஆறடிக்கு நாலடி, ஜன்னல் கிடையாது. நாற்பது பிடரிகளும் அங்கிருந்து தெரியும். எந்தப் பிடரி எப்போது நிமிரும், எந்தத் தோள் இறங்கினால் பேச்சு முடியப்போகிறது என்று அர்த்தம், எந்த ஆள் 'சரிங்கம்மா' என்று மூன்றாவது முறை சொன்னால் இன்னும் எட்டு நொடியில் வைப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எட்டு வருடமாக அவர் பார்த்த உலகம் அதுதான். ஒரு பிடரிக்குச் சொந்தமான முகத்தை எங்கேயாவது பஸ்ஸில் பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரியாது.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்தது. மேனேஜரே கண்ணாடி அறையில் உட்கார்ந்து கோட்டை ஏற்றி இறக்கினார். முதல் நாள் நூற்றுக்குப் பதினோரு அநாதை. இரண்டாம் நாள் யாரோ ஒரு ரிட்டயர்டு நீதிபதியை ஒரே காலையில் ஐந்து முறை அநாதையாக்கினார். மூன்றாம் நாள் ஆபீஸ் கார் திருகு சார் வீட்டு வாசலில் வந்து நின்றது. போர்வையோடு ஏற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்து, மாத்திரையும் வெந்நீரும் கொடுத்து, 'ரெஸ்ட் எடுத்துக்குங்க சார், இங்கேயே எடுத்துக்குங்க' என்றார்கள். அதற்கப்புறம் உடம்புக்கு வந்தால் அவர் யாரிடமும் மூச்சு விடுவதில்லை.

இப்படித் தவிர்க்க முடியாத மனிதராக இருப்பதில் பெருமை உண்டு என்று நினைக்கிறவர்கள் அவர் மனைவியிடம் போய்க் கேட்கலாம். மனைவி எட்டு மணி நேர ரயில் பயணத் தூரத்தில் வேறொரு ஊரில், ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். மகளும் அவளோடுதான். ஆறு வருடமாகிறது. அதே ஊரில் கம்பெனிக்கு ஒரு கிளை இருக்கிறது. அங்கே மாற்றல் கேட்டு அவர் பதினோரு மனு கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: "உங்க இடத்துக்கு ஒரு ஆளைக் காட்டுங்க. நாளைக்கே கையெழுத்துப் போடறேன்."

ஆள் காட்டவும் முயன்றார். முதலில் தயார் செய்தவர் பாங்க் வேலைக்கு ஓடிவிட்டார். இரண்டாவது ஆள் நாலாம் நாள் கோட்டைப் பார்த்து அழுதார். மூன்றாவது ஆளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தும் ஏறவில்லை, அவரை இன்னொரு கிளைக்கு மேனேஜராக்கிவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் தானாக முடிவெடுக்கும் மெஷின் வந்தது. கூடவே, காலர் இல்லாத சட்டை போட்ட ஒரு நிபுணரும் வந்தார்.

"நீங்க எதுவும் சொல்லித்தர வேண்டாம் சார். வழக்கம்போல வேலையப் பாருங்க. அது பாத்துக்கிட்டே இருக்கும்" என்றார் நிபுணர்.

"எதைப் பாக்கும்?"

"உங்க கையை."

மூன்று மாதம் பார்க்கும். அப்புறம் வெள்ளிக்கிழமை ஒரு நாள், தலைமை ஆபீஸ் டைரக்டர் முன்னால், யாரும் தொடாமல் அதுவே ஓட்டிக் காட்டும். நூற்றுக்கு மூன்று அநாதைக்குள் முடித்துவிட்டால், 'அன்னிக்குச் சாயந்திரமே உங்க மாற்றல் ஆர்டர்' என்று மேனேஜர் நாலு பேர் முன்னால் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் டைப் அடித்தும் வைத்தார். நீலக் கோப்பில், கையெழுத்துக்கு இடம் விட்டு. அதைத் திருகு சார் இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறார்.

தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு மனைவி போன் செய்வாள். அவளுக்குச் சாப்பாட்டு நேரம் அதுதான். திருகு சார் கோட்டை ஒன்றில் இறக்கி வைத்துவிட்டு, அதாவது ஓர் ஆளுக்கு ஒரே போன் என்று ஆபத்தில்லாமல் நிறுத்திவிட்டு, பேசுவார்.

"என்னங்க, உங்க பிள்ளை எப்படிப் படிக்குது?"

"யாரு?"

"அதான், அந்த மெஷின். மூணு மாசமா பக்கத்துல உக்கார வச்சு சொல்லிக்குடுக்கறீங்களே. உங்க பொண்ணுக்கு ஒரு நாள் கணக்கு சொல்லிக் குடுத்திருப்பீங்களா?"

"அது நல்லாப் படிச்சாதான் இவளுக்குச் சொல்லிக்குடுக்க வர முடியும்."

"வாய் மட்டும் குறைச்சலில்ல. சரி, கேளுங்க. அலமாரில மூணாவது தட்டைக் காலி பண்ணிட்டேன். உங்க சட்டைக்கு. அதுல இருந்த அயர்ன் பாக்ஸ் அட்டைப்பெட்டி இப்போ நடு ஹால்ல கிடக்கு. வாரண்டி முடியற வரைக்கும் தூக்கிப் போடவும் முடியாது. உங்க பொண்ணு அதுமேல கால் வச்சுக்கிட்டுதான் படிக்கறா."

"வந்துடறேன்."

"ஆறு வருஷமா வந்துக்கிட்டுதான் இருக்கீங்க. எங்க ஊர் ரயிலே உங்களவிட வேகம்."

பேச்சு சாதாரண நாளில் ஒன்பது நிமிடம் ஓடும். வெள்ளிக்கிழமைகளில் சண்டை. அது பத்தொன்பது நிமிடம்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அதை மூன்றாவது மாடி தவிர வேறு யாரும் அறியார். நாலு வருடத்துக்கு முன்பு கம்பெனி டீ இடைவேளையை ரத்து செய்தது. 'நவீன முறையில், அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவே இடைவேளை தானாகவே மலரும்' என்று அறிவிப்பு வந்தது. எழுதியவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. மலரும் மலரும் என்று நாற்பது பேரும் ஒரு மாதம் பார்த்தார்கள். மொட்டுகூட விடவில்லை. ஒரு நாள் திருகு சார் சரியாகப் பதினொன்று பத்துக்குக் கோட்டைப் பூஜ்யத்தில் இறக்கினார். ஹால் அமைதியானது. பின்பக்கப் படிக்கட்டில் டீ அக்கா பெரிய பிளாஸ்கோடு ஏறி வந்தாள். பதினொன்று இருபத்திரண்டுக்குக் கோடு மறுபடி ஏறியது. பதிவேட்டில் அவர் 'லைன் நெரிசல்' என்று எழுதினார். அன்றிலிருந்து வேலை நாட்களில் தவறாமல் பதினொன்று பத்துக்கு லைன் நெரிந்துகொண்டிருந்தது. மேனேஜர் பதினொன்று முதல் பதினொன்றரை வரை நாலாவது மாடியில் 'அன்றாட முன்னேற்றக் கூட்டம்' நடத்துவதால், கீழே நடக்கும் முன்னேற்றம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

மெஷின் பார்க்கத் தொடங்கிய முதல் நாள், பதினொன்று ஒன்பதுக்கு, திருகு சார் கை தயங்கியது. நாற்பது பிடரிகளும் திரும்பின. அவ்வளவு முகங்களை ஒரேசமயத்தில் அவர் பார்த்ததில்லை. அதில் முதல் வரிசைக் கீச்சுக்குரல் பெண், கையைக் குவித்து டம்ளர் பிடிப்பது போல் காட்டினாள். காரணம்தான் எழுதி வைக்கிறோமே, மெஷின் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, கோட்டை இறக்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. இஸ்திரி போட்ட சட்டைகளும் வந்தன.

டைரக்டர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடியுமிடம் அவருக்கே தெரியாது. ஆனால் போகிற வழியெல்லாம் கம்பீரமாக இருக்கும். அவருக்காகக் கண்ணாடி அறை வாசலில் மெத்தை நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நிபுணர், மறுபக்கம் மேனேஜர், மேனேஜர் கக்கத்தில் நீலக் கோப்பு. திருகு சாரை வழக்கமான நாற்காலியிலேயே உட்காரவைத்து, "கையை மட்டும் மடியில வச்சுக்குங்க. எதையும் தொடக் கூடாது" என்றார்கள். எட்டு வருடத்தில் முதன்முறையாகத் தன் கைகள் இத்தனை பெரிதென்று அவருக்குத் தெரிந்தது. எங்கே வைத்தாலும் துருத்திக்கொண்டு நின்றன.

ஒன்பது மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. சொல்லக் கூடாது, ஆனால் அழகாக ஓடியது. ஏற வேண்டிய இடத்தில் ஏறி, பதுங்க வேண்டிய இடத்தில் பதுங்கி, நாலாவது வரிசைக் கரகரத் தொண்டைக்காரர் 'சரிங்கம்மா' என்று மூன்றாவது முறை சொன்னதும் எட்டு நொடி எண்ணி அடுத்த போனைப் போட்டது. பத்தரை மணிக்கு நூற்றுக்கு இரண்டு அநாதை. திருகு சார் தன் கையை இன்னொருத்தர் உடம்பில் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மனதுக்குள் சட்டைகளை எண்ணி மூன்றாவது தட்டில் அடுக்கத் தொடங்கியிருந்தார்.

டைரக்டர் வந்திருப்பதால் அன்றாட முன்னேற்றக் கூட்டம் அன்று ரத்து. இது திருகு சாருக்கு நினைவு வந்தபோது மணி பதினொன்று எட்டு.

பதினொன்று பத்துக்குக் கோடு சடாரென்று பூஜ்யத்துக்கு இறங்கியது.

ஒவ்வொரு பேச்சாக முடிந்தது. புதிதாக எதுவும் வரவில்லை. ஹாலில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. நாற்பது பேரும் ஹெட்செட்டைக் கழற்றி, பழகிய காலோடு எழுந்து, பாதிதூரம் போன பிறகுதான் மெத்தை நாற்காலியைப் பார்த்தார்கள். அப்படியே நின்றார்கள். பின்பக்கக் கதவு திறந்து டீ அக்கா தலை நீட்டினாள். "ஏன் எல்லாம் சாமி வந்த மாதிரி நிக்கறீங்க? ஆறிடும்" என்றவள், டைரக்டரைப் பார்த்ததும் பிளாஸ்கோடு மறைந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் டைரக்டர்.

மேனேஜர் முகம் வெளுத்தது. "கரண்ட்டு... நெட்வொர்க்... இந்தப் பக்கம் எலி அதிகம் சார்..."

"எதுவும் ஆகல" என்றார் நிபுணர், திரையைப் பார்த்தபடி. "மெஷின் தெரிஞ்சேதான் நிறுத்தியிருக்கு. தொண்ணூத்தி ஒன்பது சதவீத உறுதியோட."

"ஏன்?"

"அதை அது சொல்லாது சார். எப்போ, எத்தனைன்னு மட்டும்தான் சொல்லும்."

"பதிவேட்டுல காரணம் எழுதியிருக்குமே" என்று திருகு சார் வாய் தவறிச் சொன்னார்.

"மனுஷங்க எழுதற காரணத்தையெல்லாம் நாங்க மொதல்லயே தூக்கிடுவோம் சார். அதெல்லாம் குப்பை. கை என்ன செய்யுதோ அதை மட்டும்தான் அது படிக்கும்."

திருகு சார் மனதுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் நாற்பது பேர் டீ போகும். நாலு வருடப் பொய்ப் பதிவேடு வெளியே வரும். நீலக் கோப்பு கிழியும். வேலையே மிஞ்சுமோ என்னமோ. சொல்லாவிட்டால் மெஷின் பழுது என்றாகி, அப்போதும் கோப்பு கிழியும். பன்னிரண்டு நிமிடத்தில் கோடு தானே ஏறிவிடும் என்று நம்பி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் வழி. பதினொன்று இருபத்திரண்டுக்குக் கோடு தானாக ஏறியது. போன்கள் பாய்ந்தன. எல்லோரும் டீ இல்லாமல் போய் உட்கார்ந்தார்கள். அரைமணி கழித்தும் நூற்றுக்கு இரண்டு அநாதைதான். நிபுணர் கட்டைவிரலை உயர்த்தினார். மேனேஜர் முகத்தில் ரத்தம் திரும்பியது. தப்பித்தோம் என்று திருகு சாரும் மூச்சு விட்டார்.

பன்னிரண்டரைக்கு அவர் பேன்ட் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கை மடியில். எடுக்க வழியில்லை. அதே நொடியில் திரையில் கோடு மெதுவாக இறங்கி, ஒன்றில் போய் நின்றது.

தொடையில் போன் துடிக்கிறது. திரையில் மெஷின் காத்திருக்கிறது. அவள் வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி வைத்தாள். மெஷின் மட்டும் அசையாமல் ஒன்றிலேயே நின்றது, அவர் பேசி முடிக்கட்டும் என்பது போல. சொந்தக்காரர்கள்கூட அவருக்கு இந்த மரியாதையைக் கொடுத்ததில்லை.

"மறுபடியும் யோசிக்குது பாருங்க!" என்றார் டைரக்டர், நாற்காலி நுனிக்கு வந்து.

நிபுணர் பழைய கணக்கைப் புரட்டினார். "ஆச்சரியமா இருக்கு சார். மத்த நாள்ல ஒன்பது நிமிஷம். வெள்ளிக்கிழமை மட்டும் பத்தொன்பது."

"வெள்ளிக்கிழமைல என்ன விசேஷம்?"

டைரக்டர் கண் ஒரு சுற்றுச் சுற்றி, மடியில் கை வைத்துக்கொண்டிருந்தவர் மேல் நின்றது. "நீங்க சொல்லுங்க. எட்டு வருஷமா இதையே பாக்கறீங்க. உங்க அபிப்பிராயம் என்ன?"

'தெரியாது சார்' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. சாயந்திரம் கோப்பில் கையெழுத்து, ராத்திரி ரயில். ஆனால் உங்க அபிப்பிராயம் என்ன என்று அவரை யாராவது கேட்டு எத்தனை காலமாயிற்று? கேள்வி காதில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. தொண்டையைச் செருமினார்.

"காலைல எழுந்ததுலேர்ந்து ஒருத்தன் ஊருக்காக ஓடறான் சார். பதினொன்னு பத்துக்குத்தான் மொதல்முறையா தனக்குன்னு ஒரு மூச்சு விடணும்னு தோணும். அப்போ போன் அடிச்சா எடுப்பான். ஆனா கேக்க மாட்டான். காது இருக்கும், ஆள் இருக்க மாட்டான். பன்னெண்டு நிமிஷம் விட்டுட்டா, அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேப்பான்."

"ம்" என்றார் டைரக்டர்.

"பன்னெண்டரை வேற மாதிரி. அப்போ அவன் யாரோ ஒருத்தங்க கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கான். தூரத்துல இருக்கறவங்க. அவங்களைத் தவிர வேற யார் கூப்பிட்டாலும் எரிச்சல்தான் வரும். அந்த நேரத்துல கொஞ்சம் ஒதுங்கி நிக்கறதுதான் மரியாதை சார்."

"வெள்ளிக்கிழமை?"

"வாரம் முழுக்க அடக்கி வச்சதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் சார் வெளிய வரும்."

நாலு நிமிடம் பேசினார். முதல் வரிசையில் கீச்சுக்குரல் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் ஒரு பெரியம்மா 'ஹலோ' என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. பேசி முடித்தபோது டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது போன் போடற விஷயமே இல்ல. இது மனித மனசு" என்றார். நிபுணர் பக்கம் திரும்பி, "உங்க மெஷினுக்கு அறிவு இருக்கு. ஆனா அதுக்கு வாய் இல்ல. இவர்தான் வாய்."

மேனேஜர் பணிவாக நீலக் கோப்பை நீட்டினார். "சார், இவருக்கு இன்னிக்கு மாற்றல் ஆர்டர். உங்க கையால கையெழுத்து..."

"மாற்றலா? உங்களுக்கென்ன பைத்தியமா?" டைரக்டர் கோப்பை வாங்கிப் பார்க்காமலேயே மடக்கினார். "இந்த மெஷின் ஏன் நிக்குதுன்னு தெரிஞ்ச ஒரே மனுஷன் இவர். இவரைப் போய் விட முடியுமா?"

திருகு சார் எழுந்து நின்றார். "சார், என் குடும்பம் அங்க... ஆறு வருஷமா..."

"குடும்பமா?" டைரக்டர் அவர் தோளில் கைபோட்டார். "இந்த மாடியே உங்க குடும்பம்தான்."

அவர் சொன்ன குடும்பம் நாற்பது பிடரியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் புது அறிவிப்பு வந்தது. உலகிலேயே முதன்முறையாக 'நிறுத்தவியல்' என்ற துறை தொடங்கப்பட்டிருப்பதாகவும், அதன் முதன்மை ஆலோசகராகத் திருகு சார் அமர்த்தப்பட்டிருப்பதாகவும், அவரது கண்ணாடி அறை எட்டடிக்கு ஐந்தடியாக விரிவுபடுத்தப்படும் என்றும் அது கூறியது. பதினொன்று பத்து நிறுத்தமும் பன்னிரண்டரை இறக்கமும் கம்பெனியின் ஏழு கிளைகளிலும் அமலுக்கு வந்தன. மெஷின் நிற்பதால் ஆட்கள் சும்மா உட்கார வேண்டாம், அந்த நேரத்தில் எழுந்து நடந்து மெஷினின் ஞானத்துக்கு ஒத்துழைக்கவும் என்று தனிக் குறிப்பு. டீ அக்கா இப்போது முன்பக்க லிஃப்டிலேயே வருகிறாள்.

"சார், நீங்க போயிடுவீங்களோன்னு பயந்தே போயிட்டோம்" என்றாள் கீச்சுக்குரல், டம்ளரை அவர் மேசையில் வைத்து. "நல்ல வேளை."

"ஆமாம்மா. நல்ல வேளை" என்றார் அவர்.

மற்ற கிளைகளிலிருந்து ஆட்கள் பார்க்க வரத் தொடங்கினார்கள். பதினொன்று பத்தைவிடப் பன்னிரண்டரைக்குத்தான் கிராக்கி. அதில்தான் தத்துவம் அதிகம் என்று பேச்சு. தினமும் பன்னிரண்டரைக்கு ஒரு கூட்டம் கண்ணாடி அறையைச் சுற்றி நிற்கும். கோடு இறங்கி ஒன்றில் நிற்கும். திருகு சார் ஒரு கோலை வைத்துக்கொண்டு, மனிதன் ஏன் அந்த நேரத்தில் தூரத்துக் குரலுக்காகக் காத்திருக்கிறான் என்று விளக்குவார். அவர் விளக்கும்போது பாக்கெட்டில் போன் அதிரும். ஏழு கிளைகளிலும் எத்தனையோ போன்கள் அந்த ஒன்பது நிமிடமும் மரியாதையாக ஒதுங்கி நிற்கும். அவரால் மட்டும் எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் அதிகமென்பதால் மைக் வைத்திருக்கிறார்கள்.

மனைவி ஒரு வாரம் தொடர்ந்து கூப்பிட்டாள். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார்.

"பன்னெண்டரைக்கு ஏன் எடுக்கறதே இல்ல?"

"வேலை."

"முன்னாடியும்தான் வேலை இருந்துச்சு."

"இப்போ, அது ஏன் நிக்குதுன்னு வர்றவங்களுக்குச் சொல்லணும்."

"ஏன் நிக்குதாம்?"

அவரால் சொல்ல முடியவில்லை. கூட்டம் கூட்டமாக வந்தவர்களுக்கு மணிக்கணக்கில் சொன்னவர்தான்.

"சரி, விடுங்க" என்றாள் அவள். "உங்க பொண்ணு கணக்குல பாஸாயிட்டா. அவளே படிச்சுக்கிட்டா. எங்க ஊர் கிளைலயும் பன்னெண்டரைக்குப் பாதிப் பேர் சும்மா உக்காந்திருக்காங்களாம். லேப்புக்கு வந்த ஒரு பொண்ணு சொல்லுச்சு. எவனோ பெரிய ஞானி கண்டுபிடிச்சதாம்."

"ம்."

"எவன்னு கேட்டேன். பேரு தெரியலன்னுச்சு."

பன்னிரண்டாவது மனுவை அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை நிறுத்தவியல் துறையின் முதன்மை ஆலோசகருடைய கருத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதாவது, அவருக்கே. அதில் 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். துறையின் ஒரே ஊழியர் போய்விட்டால் துறை என்ன ஆகும் என்று முதன்மை ஆலோசகரே பொறுப்பில்லாமல் எழுதலாமா எனக் கேட்டு அது திரும்பி வந்தது.

அலமாரியின் மூன்றாவது தட்டில் இப்போது அயர்ன் பாக்ஸ் அட்டைப்பெட்டி இருக்கிறது.